சாமிமார் மடத்தில் குடியிருந்தோம்

எங்கள் லயத்து வீடுகளுக்குப் பின்னால் மண் வெடித்த வருடம், மதினியும் நானும் சாமிமார் மடத்துக்குக் குடிபோனோம்.

மடம் என்றால் ஆட்கள் இருக்கிற மடம் இல்லை. இடிந்து கிடப்பது. பதுளைக்குப் பக்கத்தில், தெமோதரைக்கு மேலே, தேயிலை முடிந்து காடு தொடங்குகிற இடத்தில், பாறையின் முதுகில் நிற்கிறது. வெள்ளைக்காரர் காலத்தில் சீமையிலிருந்து வந்த கத்தோலிக்கத் துறவிகள் கட்டியது. கொஞ்ச காலம் இருந்து ஜெபம் பண்ணினார்கள், மாடு வளர்த்தார்கள், சிலர் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தார்கள், மிச்சம் இருந்தவர்கள் கிளம்பிவிட்டார்கள். இவ்வளவுதான் எங்கள் தோட்டத்தில் எல்லோருக்கும் தெரிந்த சரித்திரம். கோயிலுக்குக் கூரை கிடையாது. பீடம் இருந்த இடத்தில் ஒரு கொய்யா மரம். ஆனால் துறவிகள் படுத்த அறைகள் மட்டும் ஒரு நீளமான நடையின் ஓரமாக வரிசையாகச் சுவர் கலையாமல் நின்றன.

அந்த வருட மழையில், விரிசலைப் பார்க்க வந்த அதிகாரிகள் அன்றைக்கே வீட்டைவிட்டு எழும்பச் சொன்னார்கள். கையில் அகப்பட்டதை எடுத்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போனோம். நான் அந்தப் பள்ளிக்கூடத்தில்தான் படிப்பிக்கிறேன். என் வகுப்பறையிலேயே படுத்து எழும்பினேன். நான் எழுதிய கரும்பலகைக்குக் கீழே பக்கத்து வீட்டுக் கைக்குழந்தைக்குத் தூளி கட்டியிருந்தது. இரண்டாம் நாள் மலை இறங்கியது. எங்கள் லயத்தில் பாதியும், கீழே இருந்த தேயிலையும், மாரியம்மன் கோயிலின் மதிலும் போயின. எங்கள் ஆட்கள் எல்லோரும் வெளியே இருந்ததால் உயிர் போகவில்லை. பக்கத்துத் தோட்டத்தில் அப்படி இல்லை.

பள்ளிக்கூடத்தைத் திறக்கவேண்டி வந்தபோது எங்களை எங்கே வைப்பது என்று ஒரு பேச்சு நடந்தது. மடம் பாறையில் நிற்கிறது, அசையாது என்று யாரோ சொன்னார்கள். அறைகளுக்கு மேலே தகரமும் நீல நிறத் தறப்பாளும் போட்டுக் கொடுத்தார்கள். மூன்று மாதத்துக்குத்தான், அதற்குள் வீடு கட்டித் தருவோம் என்றார்கள். அடுத்த வருடத்து மழையும் அந்தத் தகரத்தின் மேல்தான் பெய்தது.

மதினி என் அண்ணனின் மனைவி. ஆயுள் முழுக்கக் கொழுந்து எடுத்து ஓய்வு வாங்கியவள். அண்ணன் நெடுநாள் படுக்கையில் கிடந்து போனார். அவரைக் குளிப்பாட்டியது, புரட்டிப் போட்டது, பதுளை ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் அலைந்தது எல்லாம் மதினிதான். பிள்ளைகள் கொழும்பில் கடைகளில் நிற்கிறார்கள். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. அதற்குப் பின்னால் ஒரு கதையும் இல்லை, ஆகவில்லை, அவ்வளவுதான். அண்ணன் போன பிறகு நாங்கள் இருவர்தான் ஒருவருக்கொருவர்.

எங்களுக்குக் கிடைத்தது நடையின் கடைசி அறை. ஒரு துறவிக்கு ஓர் அறை என்று கட்டியது. எங்களுக்கு அது தாராளம். பக்கத்து அறையில் ஆறு பேர் இருந்தார்கள். சன்னல் ஆள் உயரத்துக்கு மேலே, ஒரு கை அகலத்தில் இருந்தது. உட்கார்ந்தால் வெளியே ஒன்றும் தெரியாது. பக்கத்து அறை அம்மா வேதக்காரி, மாதா கோயிலுக்குப் போகிறவள். "மனசு அலையக் கூடாதுன்னு அப்புடிக் கட்டுனாங்களாம், டீச்சர்" என்றாள். மதினி அந்தச் சன்னலைப் பார்த்துக்கொண்டே, "அலையுறதுக்கு நமக்கெங்க மனசு இருக்கு, காலுதான் அலையுது" என்றாள்.

அந்தக் காலத்தை நினைத்தால் எனக்கு முதலில் வருவது அலுப்புதான். பயமோ துக்கமோ இல்லை. காலையில் மலைத்தண்ணீர் விழுகிற பீலியில் வரிசை நின்று தண்ணீர் பிடித்து, படி இறங்கி, தேயிலைக்குள் வழுக்கி வழுக்கி நடந்து பள்ளிக்கூடத்துக்குப் போய்ச் சேரும்போதே நாள் முடிந்துவிட்ட மாதிரி இருக்கும். சாயந்திரம் அதே மலையை ஏற வேண்டும். மூடுபனி அறைக்குள் வந்து உட்காரும். துணி காயாது. எல்லோருக்கும் இருமல். துறவிகள் ராத்திரியில் எழும்பி ஜெபம் சொல்வார்களாம். நாங்கள் எழும்பி இருமினோம்.

கொஞ்ச நாளில், பழைய கட்டிடங்களைப் பார்க்கிற காரியாலயத்திலிருந்து ஓர் அதிகாரி வந்தார். நல்ல மனுசன். மலை ஏறியதில் மூச்சு இளைத்துப்போய், கோயில் வாசற்படியில் கொஞ்ச நேரம் குனிந்தபடி உட்கார்ந்திருந்தார். பிறகு ஒவ்வோர் அறையாகப் பார்த்துக்கொண்டு வந்தார். எங்கள் அறையில் மதினி சுவரில் ஓர் ஆணி அடித்து அதில் அண்ணனுடைய படத்தை மாட்டியிருந்தாள்.

"அம்மா, இந்தச் சொவர்ல ஆணி அடிக்கக் கூடாது. பழைய சுண்ணாம்புச் சாந்து, உதிர்ந்துரும். உள்ளுக்கு அடுப்பும் வைக்காதீங்க, புகை புடிக்கும்" என்றார்.

"நாங்க இருக்கலாமுங்களா?" என்று கேட்டாள் மதினி.

"இருக்கலாம், அம்மா."

"நாங்க இருக்கலாம், ஆணி இருக்கக் கூடாது. அப்புடித்தானுங்களே?"

அவர் என்னைப் பார்த்தார். நான் தேத்தண்ணி குடிக்கிறீர்களா என்று கேட்டேன். குடித்தார். போகும்போது, "நான் சொல்ல வேண்டியத சொன்னேன், டீச்சர். வேற என்ன செய்ய?" என்றார். மதினி ஆணியைப் பிடுங்கிவிட்டுப் படத்தைச் சுவரில் இருந்த மாடத்துக்குள் சாத்தி வைத்தாள். அந்த மாடத்தில் ஏதோ ஒரு சொரூபம் இருந்திருக்க வேண்டும். அண்ணனுக்கு அந்த இடம் நன்றாகத்தான் பொருந்தியது.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் ஓர் அயர்லாந்துப் பெண் வந்தாள்.

பதுளை பஜாரில் வேன் ஓட்டுகிற முஸ்லிம் ஒருவர் உண்டு, நானா என்றுதான் கூப்பிடுவோம். பரீட்சை நாட்களில் ஆசிரியர்களை ஏற்றிப் போகிறவர், எனக்குப் பழக்கம். கீழே பாதையில் வேனை விட்டுவிட்டு, அவளை நடத்திக் கூட்டிக்கொண்டு வந்தார். என்னைவிடக் கொஞ்சம் மூத்தவள், நரைத்த கட்டைத் தலைமுடி, முழங்கால் வரை சேறு. நடையில் காய்கிற துணிகளையும், பாத்திரம் கழுவுகிற பெண்களையும், தகரத்தையும் பார்த்து அப்படியே நின்றுவிட்டாள்.

"டீச்சர், இந்த நோனாட உம்மாட சாச்சா ஒருத்தர் இங்க சாமியாரா இருந்து மௌத்தாப் போனாராம். அவர்ட கபுரத் தேடி வந்திருக்கா. நீங்கதான் இங்கிலீசுல பேசோணும்" என்றார் நானா.

அவள் முதலில் மன்னிப்புக் கேட்டாள். இங்கே ஆட்கள் குடியிருப்பது தெரியாது, வீடுகளுக்குள் வந்துவிட்டேன் என்றாள். என் இங்கிலீசு பள்ளிக்கூட இங்கிலீசு, மெதுவாகத்தான் வரும். அவளுடையதும் எனக்குப் பழக்கமில்லாத ராகத்தில் இருந்தது. இரண்டு பேரும் நிறுத்தி நிறுத்திப் பேசினோம்.

அவளுடைய அம்மா அந்தக் குளிர்காலத்தில்தான் இறந்துபோயிருந்தாள். அம்மா சின்னப் பிள்ளையாக இருந்தபோது, துறவியாகக் கிளம்பிய இந்தச் சித்தப்பா அவளைத் தோளில் தூக்கிக்கொண்டு பாதை வரை வந்து, இறக்கி விட்டுவிட்டுப் போனாராம். திரும்பி வரவே இல்லை. கடைசிக் காலத்தில் அம்மாவுக்கு மகளின் முகம்கூட மறந்துவிட்டது. சித்தப்பா எப்போது வருவார் என்று மட்டும் கேட்டுக்கொண்டிருந்தாளாம். போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று இவள் ஒருநாள் சமாதானத்துக்குச் சொல்லியிருக்கிறாள். அம்மா போன பிறகு, சொன்ன சொல் மட்டும் மிஞ்சியது.

"கல்லறைகள் எந்தப் பக்கம்?" என்று கேட்டாள்.

துறவிகள் தாங்கள் இருக்கிற அறைகளைப் பாறையில் கட்டினார்கள். குழி வெட்ட மண் வேண்டுமே, அதனால் கல்லறைகளைக் கிழக்கே மண் இருந்த சரிவில் வைத்தார்கள். நான் சிறுமியாக இருந்தபோது அங்கே இரும்புச் சிலுவைகள் வரிசையாக நின்றன, பெயர் எழுதிய தகடுகளோடு. எங்கள் லயத்தை இழுத்துக்கொண்டு போன அதே மண்சரிவு அவற்றையும் இழுத்துக்கொண்டு போய்விட்டது.

அவளை அந்தப் பக்கம் கூட்டிக்கொண்டு போனேன். மதினியும் பின்னால் வந்தாள். கோயிலின் உடைந்த சுவரைத் தாண்டியதும் மலை சிவப்பாக, பச்சைப் புண் மாதிரி கீழே இறங்கியது. மேல் விளிம்பில் மூன்று சிலுவைகள் மட்டும் சாய்ந்து நின்றன. அவள் ஒவ்வொன்றாகக் குனிந்து பார்த்தாள். தகட்டைக் கையால் துடைத்தாள். மூன்றில் ஒன்றும் அவருடையது இல்லை. மிச்சம் எங்கே என்பதுபோல என்னைப் பார்த்தாள். நான் மழை என்றேன், மண் என்றேன், பழைய இடம் என்றேன்.

"சுத்தி வளைக்காத. போயிருச்சுன்னு சொல்லிரு" என்றாள் மதினி.

சொன்னேன்.

அவள் கீழே பார்த்துக்கொண்டு நின்றாள். அங்கே பாதி புதைந்த எங்கள் லயத்தின் தகரங்கள் தெரிந்தன. "அது என்ன?" என்று கேட்டாள். எங்கள் வீடு என்றேன். "யாராவது இறந்தார்களா?" என்றாள். எங்களில் இல்லை, பக்கத்தில் என்றேன். "மன்னிக்க வேண்டும்" என்றாள். நானும் அதையே அவளுக்குச் சொன்னேன்.

அதற்குள் மழை பிடித்துக்கொண்டது. கீழே பாலத்துக்கு மேலாகத் தண்ணீர் போகும், வடிகிற வரைக்கும் வேனை எடுக்க ஏலாது என்றார் நானா. அவர் நடையில் ஆம்பளைகளோடு உட்கார்ந்துகொண்டார். அவளை எங்கள் அறைக்குக் கூட்டி வந்தோம். மதினி அவளுடைய சப்பாத்தைக் கழற்றச் சொல்லிச் சைகை காட்டி, காலில் என் கம்பளியைப் போட்டாள். ரொட்டியும் சம்பலும் கொடுத்தாள். உறைப்பில் கண் கலங்க அவள் சாப்பிட்டாள். இன்னொன்று வைத்தபோதும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

பிறகு கைபேசியில் தன் ஊரைக் காட்டினாள். பச்சைப் புல்வெளி, சாம்பல் வானம், நடுவில் ஊசி மாதிரி ஓர் உயரமான வட்டக் கோபுரம். உருவங்கள் செதுக்கிய பெரிய கல் சிலுவை, முகங்கள் மழையில் தேய்ந்து மூக்கு இல்லாமல் இருந்தன. பானையைக் கவிழ்த்து வைத்த மாதிரி, சாந்து இல்லாமல் வெறும் கல்லை அடுக்கிக் கட்டிய சின்னச் சின்ன அறைகள். அவளுடைய வட்டாரத்தில் எந்தப் பக்கம் திரும்பினாலும் இப்படி ஏதாவது ஒன்று நிற்குமாம். ஆயிரம் வருடத்துக்கு மேல் பழையவை என்றாள். வேதம் அவர்கள் நாட்டுக்கு வந்து வேரூன்றிய காலத்தில் துறவிகள் கட்டியவை.

மதினி படங்களைக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தாள். "இதுல யாரு இருக்காங்கன்னு கேளு."

கேட்டேன். யாரும் இல்லை என்றாள். பலகை வைத்திருக்கிறார்கள், புல்லை மிசினால் வெட்டி வைக்கிறார்கள், ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து பார்த்துவிட்டுப் போவார்கள்.

"ஆளே இல்லாத எடத்துக்கு எதுக்குப் புல்லு வெட்டுறாங்களாம்?"

நான் அதைச் சொன்னதும் அவள் முதல் தடவையாகச் சிரித்தாள். சிரித்துவிட்டு யோசித்தாள். எப்போதும் அப்படி இல்லை என்றாள். அவளுடைய அம்மா சொல்வாளாம்: முன்னொரு காலத்தில் பஞ்சம் வந்து, நிலத்துக்காரர்கள் குடியானவர்களை வீட்டைவிட்டு இறக்கி விட்டபோது, போக்கிடம் இல்லாத சனங்கள் இந்த மாதிரி இடிந்த மடங்களின் சுவரில் குச்சிகளைச் சாத்தி, மேலே புல்லைப் போட்டுக்கொண்டு இருந்தார்களாம். அம்மாவின் ஆட்களும் அதில் இருந்திருக்கிறார்கள். ஞானஸ்நானம் கொடுக்கும் முன்பே செத்துப்போன பச்சைப் பிள்ளைகளை வேறெங்கும் புதைக்க விடாததால், ரகசியமாக அந்தச் சுவர்களுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் புதைப்பார்களாம். "பலகையில் அதை எழுதவில்லை" என்றாள்.

நான் மதினிக்குச் சொன்னேன். மதினியின் இரண்டாவது பிள்ளை பிறந்து பெயர் வைக்கும் முன்பே போய்விட்டது. தேயிலைக்கு அந்தப் பக்கம் எங்கேயோ அண்ணன் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தார். அதை அந்தப் பெண்ணிடம் சொல்லவா என்று கேட்டேன். "வேணாம்" என்றாள்.

மழை தகரத்தில் கொட்டியதில் பேச்சு நின்றுபோனது. கொஞ்ச நேரத்தில் பார்த்தால், அந்தப் பெண் சுவரில் சாய்ந்தபடி, வாய் கொஞ்சம் திறந்து, தூங்கிப்போயிருந்தாள். மதினி எழும்பி, அவள் தலையைப் பிடித்து, ஒரு பிள்ளையைப் படுக்க வைக்கிற மாதிரி மெதுவாகத் தன் பாயில் சரித்தாள். அவள் விழிக்கவில்லை.

"ஆளப் பாத்தியா? படுக்கையில கெடந்தவங்களப் பாத்த ஒடம்பு இது. எத்தன நாளுத் தூக்கமோ" என்றாள் மதினி.

"ஒங்களுக்கு எப்புடித் தெரியும், மதினி?"

"ஒன் அண்ணன் போன பெறகு நானு எப்புடித் தூங்குனேன்னு நீ பாக்கல. நீ பள்ளிக்கூடம் போயிருவ. பகல்ல, கஞ்சிய அடுப்புல வச்சுட்டு அப்புடியே விழுந்து கெடப்பேன். எழும்புனதும் மொதல்ல அவரத்தான் தேடுவேன். மருந்து குடுக்க நேரமாச்சேன்னு."

அதை அவள் அதுவரை எனக்குச் சொன்னதில்லை. ஒரே வீட்டில் இருந்தோம். நான் சாயந்திரம் வந்து அடுப்பில் தீய்ந்த சட்டியைப் பார்த்து, மதினிக்கு மறதி வந்துவிட்டது என்று நினைத்திருந்தேன்.

மழை விட்டதும் பிள்ளைகள் நடையில் பந்து உதைக்க வந்தார்கள். மதினி வாசலில் போய் நின்று, "கோயில் பக்கம் போங்கடா, உள்ளுக்குத் தொரைசானி தூங்குது" என்று விரட்டினாள். நான் மாணவர்களின் கட்டுரைகளைத் திருத்துகிறேன் என்று கையில் வைத்துக்கொண்டு தூங்குகிறவளையே பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்குப் பொறாமையாக இருந்தது. இந்த அறையில் நாங்கள் யாரும் அப்படித் தூங்கியதில்லை.

அவள் எழும்பியபோது நானா நடையில் முன்னும் பின்னும் நடந்துகொண்டிருந்தார். அவளுக்கு வெட்கமாகப் போய்விட்டது. எங்கே இருக்கிறோம் என்று புரியச் சற்று நேரம் பிடித்தது. தலைமுடியைக் கோதிக்கொண்டு சுவரையும், மேலே இருந்த சன்னலையும், மாடத்தில் இருந்த அண்ணன் படத்தையும் பார்த்தாள். இது யாருடைய அறை என்று கேட்டாள். துறவிகளில் யார் என்று தெரியாது என்றேன். இப்போது எங்களுடையது என்றேன். அவள் தலையாட்டினாள்.

புறப்படும் முன் மறுபடியும் சரிவு வரை போனாள். மதினி என்னிடம், "அந்தச் சாமியாருக்கு எது முறைன்னு நமக்குத் தெரியாது. சும்மா அனுப்ப ஏலாது" என்று சொல்லிவிட்டு, சூடக் கட்டியை எடுத்துக்கொண்டு வந்தாள். விளிம்பில் ஒரு கல்லில் வைத்துப் பற்ற வைத்தாள். காற்றில் அணைந்தது. மறுபடி பற்ற வைத்தாள், அணைந்தது. அந்தப் பெண் தன் மழைச்சட்டையைக் கழற்றி இரண்டு கையாலும் பிடித்து மறைத்துக்கொண்டாள். பிறகு எரிந்தது. எரிந்து முடியும் வரை அவள் ஏதோ சொன்னாள். இங்கிலீசு இல்லை, அவர்களுடைய சொந்தப் பாஷையாக இருக்க வேண்டும். மதினி சரிவைப் பார்த்துக் கும்பிட்டாள். யாருக்காகக் கும்பிட்டாள் என்று நான் கேட்கவில்லை. அந்த மண்ணில் அவளுக்கும் ஆள் இருந்தது.

நானா அவளைப் பத்திரமாக இறக்கிக்கொண்டு போனார். ஊருக்குப் போனதும் எனக்கு ஒரு செய்தி அனுப்பினாள். அம்மாவின் கல்லில் சித்தப்பாவின் பெயரையும் வெட்டச் சொல்லியிருக்கிறாளாம், கீழே எங்கள் மலையின் பெயரோடு. எழுத்துக்கூட்டைச் சரிபார்க்கச் சொல்லிக் கேட்டிருந்தாள். ஓர் எழுத்துத் தப்பாக இருந்தது. திருத்தி அனுப்பினேன். பிறகு பண்டிகைகளுக்கு ஒன்றிரண்டு வாழ்த்து. அப்புறம் நானும் எழுதவில்லை. பள்ளிக்கூடம் விட்டு வந்து இங்கிலீசில் யோசிக்க எனக்குத் தெம்பு இருப்பதில்லை.

வீடு வந்தது, ஒருநாள். எல்லோருக்கும் இல்லை, பாதிப் பேருக்கு. பக்கத்து அறை வேதக்கார அம்மாவின் குடும்பத்துக்கு அடுத்த கட்டத்தில் என்றார்கள். நாங்கள் சாமான்களை லொறியில் ஏற்றும்போது அவள் வந்து உதவி செய்தாள். அவள் முகத்தைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருந்தது. மதினி எங்கள் அறையைக் கூட்டி, தண்ணீர் தெளித்து, "பெரிய புள்ளைங்க ரெண்டையும் இங்குட்டுப் படுக்க வையி. குளுரு காத்து வராது" என்று சொல்லி அவளிடம் விட்டுவிட்டு வந்தாள்.

புது வீடு கீழே, சமதரையில். இரண்டு அறை, ஓர் அடுப்படி, சன்னலில் நின்றால் பாதையும் பஸ்ஸும் தெரியும். சிமெந்து வாசனை போகவில்லை. குழாயைத் திருகினால் காற்றுதான் வந்தது. அடுத்த கிழமை தண்ணீர் விடுவார்கள் என்றார்கள். மதினி வாளியை எடுத்துக்கொண்டு, பக்கத்தில் பீலி எங்கே இருக்கிறது என்று விசாரிக்கப் போனாள். நான் பெட்டிகளுக்கு நடுவில் தரையில் உட்கார்ந்தேன். மறுநாள் பள்ளிக்கூடம் இருந்தது. சேலையை எந்தப் பெட்டியில் வைத்தோம் என்று நினைவில்லை. தேடத் தொடங்கினேன்.